நாற்பது லிட்டர் தண்ணீர்

"மீன் பழக்கம் உண்டா?" என்று கேட்டார் டாக்டர் நிஷிவாகி.

"பதினோரு வருஷம் வெட்டியிருக்கேன்" என்றாள் ஹிராசே கினுயோ.

டாக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். அவருக்கு முப்பத்து நாலு வயது. ஆராய்ச்சி நிலையத்தில் மீன் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி ஏழு பேரிடம் பேசியிருந்தார். இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

"இங்க வெட்டுற வேலை இல்லைங்க. வளக்குற வேலை."

"எதெதுல மீன் சாகும்னு எனக்கு அத்துப்படி, டாக்டர். அதையெல்லாம் செய்யாம இருந்தா போதாதா?"

அன்றே வேலை கிடைத்தது. அப்போது கினுயோவுக்கு நாற்பத்தொன்று. அகன்ற மணிக்கட்டு, குட்டையான கழுத்து, ஆண்களைப் போல் கால் அகட்டி நிற்கும் பழக்கம். துறைமுகச் சந்தையில் பெரிய மீன்களைப் பலகையில் அறைந்து பிளந்து வந்தவள்.

அவள் பிறந்தது கசுமோரி என்ற மலையடிவார ஊர். அப்பா மரம் வெட்டுபவர். அந்த வீட்டில் பேச்சு வருமுன் அடி வந்துவிடும். அம்மா வாங்கியது போக மிச்சம் கினுயோவுக்கு. அவளுக்கு ஏழு வயது இளைய தம்பி ஜிம்பெய்க்கு விழ வேண்டியதையும் அவளே வாங்கிக்கொள்வாள். பதினைந்து வயதில் ஒருநாள், தம்பியின் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்த அப்பாவின் முழங்காலில் விறகுக்கட்டையால் ஒரே போடு போட்டாள். மனிதர் மூன்று வாரம் நொண்டினார். அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஜிம்பெய்மேல் கை விழவில்லை. அவள் இல்லாத நேரத்தில் விழுந்தது. பத்தொன்பதில் அவள் துறைமுகத்துக்குப் போனபோது ஜிம்பெய் பேருந்தின் பின்னால் ஓடிவந்தான். அழவில்லை. கல்லை எடுத்துக் கண்ணாடியில் எறிந்தான்.

கல்யாணமும் ஆயிற்று. கட்டியவன் ஒரேயொரு தடவை கை ஓங்கினான். மாடிப்படியின் அடியில் போய் விழுந்தான். அத்தோடு முடிந்தது.

மீன் கூடத்தில் முந்நூறு தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே வகை, உடம்பில் நீலக்கோடு ஓடிய வரிக்குதிரை மீன்கள். பெருவிரலின் ஒரு கணு அளவுதான் நீளம். பார்த்தால் கடையில் விற்கும் மீனுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் உள்ளே இருந்தது. ஒரு கிருமியின் மரபணுவை எடுத்து இந்த மீன்களின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் வைத்திருந்தார்கள். மீனுக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

"சில விஷம் ஆளைக் கொல்லாது, கினுயோக்கா" என்று டாக்டர் ஒருநாள் சோறு தின்றபடி சொன்னார். "உடம்புக்குள்ள இருக்குற எழுத்தை மட்டும் மாத்தி எழுதிட்டுப் போயிடும். பத்து வருஷம் கழிச்சுப் புத்துநோயா வரும், இல்ல பிள்ளைக்கு வரும். அந்தத் தண்ணியில இந்த மீனை விட்டா, நாம வெச்ச மரபணுவும் அதேமாதிரி கெடும். அதை வெளிய எடுத்து ஒரு கிருமிக்குள்ள போட்டு, மருந்து கலந்த தட்டுல வளத்தா, மரபணு கெடாத கிருமி செத்துடும். கெட்டது மட்டும் பிழைச்சுப் புள்ளி புள்ளியா வளரும். எத்தனை புள்ளின்னு எண்ண வேண்டியதுதான்."

"மீனு என்னாவும்?"

"மீனைக் கொன்னாத்தான் எடுக்க முடியும்."

"அதுக்குத்தான் என்னை எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். டாக்டர் சோற்றுப் பெட்டியை மூடி வைத்தார்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. கூடத்தின் வடிகாலில் மூன்று அடுக்கு வலை. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் காலணியை மருந்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஒரு மீன், ஒரு முட்டை வெளியே போகக் கூடாது. போனால் சட்டப்படி குற்றம். கினுயோவின் காலத்தில் ஒன்றும் போகவில்லை.

அந்த ஆகஸ்டில், முன்னோருக்குப் படையல் வைக்கும் ஓபோன் விடுமுறைக்கு கசுமோரிக்குப் போனாள். அப்பா அம்மா இருவரும் இல்லை. பழைய வீட்டில் ஜிம்பெய் தனியாக இருந்தான். ஊருக்கு மேலே, பள்ளத்தாக்கில், மருவோகா என்ற நிறுவனம் ஆறு வருஷமாகக் கழிவு கொட்டிவந்தது. கட்டடம் இடித்த மண் என்று உரிமம். வந்ததோ மூடி போட்ட இரும்புப் பீப்பாய்கள். பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் வழியாக ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் கசிந்து ஆற்றில் கலந்தது. ஜிம்பெய் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டினான்.

கீழ்த்தெருவில் நாலு வருஷத்தில் ஐந்து பேருக்கு மூத்திரப்பையில் புற்று. அதில் ஒருத்தி, சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் தோஃபு கட்டிகளை விற்கும் கடைக்காரர் ஹந்தாவின் மனைவி. ஹந்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. கத்திப் பேசத் தெரியாதவர். ஆனாலும் அவர்தான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அதனால் நிறுவனம் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டது.

மேலாளர் கோந்தா கழுத்தில் வெள்ளைத் துண்டோடு வந்தார். கூடவே இரண்டு ஆட்கள் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். ஆரஞ்சுத் தண்ணீரில் மூன்று கெண்டை மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"பாத்துக்கங்க. ஒரு மாசமா இந்தத் தண்ணியிலதான் கெடக்கு. தின்னுது, பேளுது, கொழுத்துப் போயிருக்கு. இதுல எங்கய்யா விஷம்?" என்றார் கோந்தா. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

ஹந்தா எழுந்தார். "மீன் உயிரோட இருக்கு. சரிதான். என் வீட்டுக்காரியும் மூணு வருஷம் உயிரோடதான் இருந்தா. மூத்திரத்துல ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு. அப்பவும் உயிரோடதான் இருந்தா." மேடைக்கு நடந்துபோய், சட்டைப்பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, தொட்டியில் மொண்டு, கோந்தாவின் முன் வைத்தார். "குடிங்க."

கோந்தா கிண்ணத்தைப் பார்த்தார். ஹந்தாவைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டம் முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் காலை, சாமி மாடத்துக்குப் படைக்கத் தோஃபு வாங்கப் போன கினுயோ, கடைக்குள்ளிருந்து சத்தத்தைக் கேட்டாள். உள்ளே கோந்தாவின் ஆட்கள் இருவர். ஒருவன் ஹந்தாவின் தலைமுடியைப் பிடித்திருந்தான். மற்றவன் தோஃபுவை அழுத்த வைக்கும் கல்லைத் தூக்கி அவர் வாயில் இடித்தான். தாடை உடைந்த சத்தம் வாசல்வரை கேட்டது. பிறகு கொதித்துக்கொண்டிருந்த சோயாப்பால் அண்டாவை உதைத்துக் கவிழ்த்தார்கள். கிழவரின் இரு கால்களும் அதில் நனைந்தன. அவரால் கத்தவும் முடியவில்லை. வாய் திறக்கவில்லை.

கினுயோ வாசலில் கிடந்த மரப்பலகையை எடுத்தாள். கல் வைத்திருந்தவன் திரும்புவதற்குள் காதோடு சேர்த்து அறைந்தாள். அவன் ஈரத்தரையில் வழுக்கி அண்டாவின் விளிம்பில் மோதினான். இரண்டு பற்கள் தெறித்தன. மற்றவன் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி விழுந்தபோதும் பலகையை விடவில்லை. விழுந்தபடியே அவன் கணுக்காலில் வீசினாள். இருவரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஜிம்பெய்.

இருவர் கண்களும் சந்தித்தன. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்தவனிடம் அவள் கேட்டாள்.

"உள்ளே என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நான் வண்டி ஓட்டுறவன். உள்ள நடக்குறது என் வேலை இல்ல."

"ஹந்தா கையாலதான்டா நீ சின்ன வயசுல தின்னே. அப்பன் அடிச்சுத் தொரத்துன ராத்திரியெல்லாம் எங்க போய்ப் படுத்தே?"

"நீதான் போயிட்டியே, அக்கா. போனவ வந்து கேள்வி கேக்காதே."

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் திருப்பி அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டுப் போனான்.

போலீஸ்காரர் வந்து ஹந்தாவின் படுக்கையருகில் நின்று விசாரித்தார். கிழவர் ஒரு காகிதத்தில், 'வழுக்கி விழுந்தேன்' என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு இரண்டு பேத்திகள் இருந்தார்கள். அந்தக் காகிதம் போதும் என்று, கினுயோ கண்டதைப் போலீஸ்காரர் எழுதிக்கொள்ளவில்லை.

கினுயோ திரும்பி வந்ததும் நேராக டாக்டரின் அறைக்குப் போனாள்.

"எங்க ஊரு ஆத்துல பத்து மீனை விடணும்."

"ஜெயிலுக்குப் போகணுமா, அக்கா? இந்த மீன் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகவே கூடாது."

"அப்போ ஆத்தை இங்க கொண்டாரேன்."

டாக்டர் முதலில் மறுத்தார். நாங்கள் தெரிந்த மருந்தைத் தெரிந்த அளவில் கலந்து பார்க்கிறவர்கள், ஊர்ச்சண்டைக்குள் போகிறவர்கள் அல்ல என்றார். கினுயோ மறுபேச்சுப் பேசாமல் சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, வயிற்றில் நீலம் பாரித்திருந்த காலணித் தடத்தைக் காட்டினாள். டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே சொன்னார்:

"குழாய்க்குக் கீழே நாற்பது லிட்டர். ஒப்பிட்டுப் பாக்க, பள்ளத்துக்கு மேலே ஆத்துல நாற்பது லிட்டர். வாரம் ஒருதடவை மாத்தணும். மூணு வாரம். ஒரு வாரம் தவறினா கணக்கு நிக்காது, புது மீன் வெச்சு முதல்லேருந்து. நான் சும்மா ஒரு எண்ணைத்தான் சொல்வேன். யாரு செஞ்சாங்க, யாருக்கு நோய் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்."

"எண்ணு போதும்."

சனிக்கிழமைதோறும் அவள் சிறிய வேனை எடுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போனாள். முதல் வாரம் யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு லாரி பாலத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கூடத்தில் ஒதுக்குப்புறமாக இருந்த இரண்டு தொட்டிகளில் இருபது இருபது மீன்கள், ஒன்றில் மேல் தண்ணீர், ஒன்றில் கீழ்த் தண்ணீர். ஆரஞ்சுத் தண்ணீரில் இருந்தவை நன்றாகத் தின்றன. விறுவிறுப்பாக நீந்தின. ஒன்றுகூடச் சாகவில்லை. கோந்தாவின் கெண்டைகள் போலவே இருந்தன. கினுயோவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மூன்றாம் சனிக்கிழமை, பதினொரு மணி வெயிலில், மேல் தண்ணீர் இரண்டு கேனையும் வண்டியில் ஏற்றிவிட்டு, குழாயடியில் மூன்றாவது கேனை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து காலால் தள்ளினார்கள். முகம் குப்புற ஆரஞ்சுத் தண்ணீரில் விழுந்தாள். எழுவதற்குள் கைகளை முறுக்கிப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். தோஃபு கடையில் பல் போனவனும் அவர்களில் இருந்தான். போகும் வழியெல்லாம் விலாவில் உதைத்தான்.

மேலே லாரியருகே கோந்தா நின்றார். ஜிம்பெய் வண்டியிலிருந்து இறங்கினான்.

"இது யாருடா?"

"எங்க அக்கா" என்றான் ஜிம்பெய்.

"அப்போ நல்லதாப் போச்சு. குடும்ப விஷயம். வெளியாளு ஏன் கை வைக்கணும்?" கோந்தா லாரிக் கதவைத் திறந்து பிடித்தார். ஆட்கள் இருவரும் கினுயோவின் இடது கையை இழுத்துக் கதவு பொருந்தும் இடுக்கில் வைத்தார்கள். "தண்ணி மொள்ளுற கை இதுதான? மூடு."

ஜிம்பெய் அசையவில்லை.

"உன்னைத்தான். இல்லேன்னா உன் கையை வெச்சு அவளை மூடச் சொல்லுவேன்."

"ஜிம்பெய்" என்றாள் கினுயோ. "என்னைப் பாத்துக்கிட்டு மூடு."

அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு மூடினான். கதவு பாதியில் தட்டித் திரும்பியது. அவள் அலறியது பள்ளத்தாக்கில் எதிரொலித்தது.

"மெதுவா மூடுனா பூட்டு விழாதுடா. திரும்ப."

இரண்டாம் முறை பூட்டு விழுந்தது.

கோந்தா, குழாயடியிலிருந்து ஆட்கள் தூக்கிவந்த கேனை உதைத்துக் கவிழ்த்தார். அதையும் இன்னொரு காலி கேனையும் நசுக்கச் சொன்னார். ஜிம்பெயிடம், "இங்கயே நின்னு பாத்துக்க. எவனும் கீழே எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு சாப்பிடக் கிளம்பினார்.

கினுயோ ஒற்றைக் கையால் வேனை ஓட்டிக்கொண்டு கீழூர் மருத்துவமனைக்குப் போனாள். இரண்டு விரல்களில் எலும்பு பொடியாகியிருந்தது. கட்டுப் போட்டுப் படுக்கச் சொன்னார்கள். அவள் மணியைப் பார்த்தாள். ஒன்றே கால். வாரம் தவறினால் முதலிலிருந்து. எழுந்து வந்து, எதிர்க்கடையில் இரண்டு கேன் வாங்கி, திரும்பவும் மேட்டுக்கு ஓட்டினாள்.

ஜிம்பெய் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தான். வேனைப் பார்த்ததும் எழுந்தான்.

"வேணாம், அக்கா. அவங்க இப்ப வந்துடுவாங்க. கொன்னே போட்டுடுவாங்க."

"வழியை விடு."

"விடமாட்டேன். உன்னை இங்கேருந்து தூக்கிப் போட்டுட்டாவது போவேன்." அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அடிபட்ட கை வேனின் பக்கவாட்டில் மோதியது. அவளுக்குக் கண் இருட்டியது. இருட்டிலேயே வலது கை, வண்டிக்குள் கிடந்த ஜாக்கியின் இரும்புத் தண்டைத் தேடி எடுத்தது. ஓங்கி அடித்தாள். அவன் தோளையொட்டிய காறையெலும்பு முறிந்தது. முழந்தாளிட்டு உட்கார்ந்தவனைத் தாண்டிக் குழாயடிக்கு இறங்கினாள். ஒவ்வொரு கேனாக நிரப்பி, இடுப்பில் சாய்த்து, ஒற்றைக் கையால் இழுத்து ஏற்றினாள். இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை அவன் அங்கேயே, தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏறுடா" என்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. வேற எங்க?"

பாதி வழி வந்தார்கள். பிறகு ஜிம்பெய் வெளியே பார்த்தபடி சொன்னான். "அந்தப் பீப்பாயெல்லாம் சாயப்பட்டறைக் கசடு. மூடி ஒழுகும். கையாலதான் நிமித்துவோம். கையுறை கேட்டதுக்குச் சிரிச்சாங்க."

"அது தெரிஞ்சும் ஓட்டுனியா?"

"நாலு மாசமா ரத்தம் போவுது, அக்கா."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"எங்க?"

"ஹந்தா வீட்டம்மாவுக்குப் போன எடத்துலதான்." அவன் சிரிக்கப் பார்த்தான். "யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா அந்தத் தண்ணியில விஷம் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?"

எலும்புக்குக் கட்டுப் போட வந்த மருத்துவரிடம் கினுயோ மூத்திரப் பரிசோதனை செய்யச் சொன்னாள். தோளுக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார் அவர். "செய்யுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் செய்தார். ஜிம்பெய் கழிவறையிலிருந்து குப்பியோடு வந்தான். தேயிலைச்சாற்று நிறத்தில் இருந்தது. கட்டி சின்னதுதான், சதைக்குள் இன்னும் இறங்கவில்லை, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கதை வேறு என்று அடுத்த வாரம் சொன்னார்கள்.

தண்ணீர் அன்று மாலையே மீன் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் நிஷிவாகி அவள் கையைப் பார்த்தார். "நான் இதைத் தொடங்கியிருக்கவே கூடாது" என்றார். "கேனைப் பிடிங்க, டாக்டர். ஒத்தைக் கையால முடியலை" என்றாள் அவள்.

மூன்றாம் வாரம் முடிந்து, மேலும் ஒரு வாரம் நல்ல தண்ணீரில் வைத்திருந்துவிட்டு, மீன்களைக் கொல்லும் நாள் வந்தது. டாக்டரின் மாணவர்கள் செய்வதாகச் சொன்னார்கள். அவள் விடவில்லை. பனிக்கட்டி கரைந்த தண்ணீரில் வலையால் அள்ளிப் போட்டாள். துறைமுகத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வெட்டியவள்தான். அங்கே மீனின் முகத்தைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. இங்கே நாற்பது மீனுக்கும் நாலு வாரமாகத் தீனி போட்டிருந்தாள். இரை விழுந்ததும் முதலில் பாய்வது எது, கண்ணாடியோரம் ஒதுங்குவது எது என்று தெரியும். நாற்பதையும் அவளே முடித்தாள். பிறகு காலியான இரண்டு தொட்டிகளையும் தேய்த்துக் கழுவினாள்.

செவுளும் ஈரலும் எடுத்து, மரபணுவைப் பிரித்து, கிருமிக்குள் ஏற்றி, தட்டுகளில் வளர்த்து எண்ண மூன்று வாரம் பிடித்தது. மேல் தண்ணீர் மீன்களில் லட்சத்துக்கு மூன்று. கீழ்த் தண்ணீர் மீன்களில் லட்சத்துக்கு இருபத்தாறு. டாக்டர் நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னார். இருபத்தைந்து வந்தது.

"இது என்ன சொல்லுது?"

"அந்தக் குழாய்க்கு மேலே இல்லாத ஏதோ ஒண்ணு கீழே இருக்கு. அது உயிரோட எழுத்தைக் கெடுக்குது. அவ்வளவுதான் நான் எழுதுவேன்."

"அதையே ஊருல வந்து வாசிங்க."

அதே பொதுக்கூடத்தில், மாகாண அதிகாரிகள் இருவர் முன்னிலையில் டாக்டர் வாசித்தார். பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோந்தா எழுந்து, "உசிரோட இருக்குற மீனை நாங்க காட்டுனோம். இவங்க மீனைக் கொன்னுட்டு வந்து கதை சொல்றாங்க" என்றார்.

அப்போது முன்வரிசையில் ஜிம்பெய் எழுந்தான். தோளில் கட்டு, இடுப்பில் அறுவைக்குப் பின் குழாயோடு மாட்டிவிட்ட மூத்திரப் பை. சட்டையை விலக்கி அந்தப் பையை எல்லோருக்கும் காட்டினான். "பீப்பாய்ல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேன். ஆறு வருஷம் நான்தான் இறக்குனேன்" என்றான். எங்கே, எத்தனை, எந்த ஆழத்தில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில், "தோஃபு கடை வாசல்ல வண்டியை ஓட விட்டுக்கிட்டு நின்னதும் நான்தான். எங்க அக்கா கையை நசுக்குனதும் நான்தான்" என்றான்.

யார் முதலில் எழுந்தார்கள் என்று பிறகு போலீஸ் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாற்காலி பறந்து கோந்தாவின் நெற்றியைப் பிளந்தது. அவர் ஆட்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். புற்று வந்த வீட்டுக்காரர்கள் கோந்தாவின் கால்களைப் பிடித்துத் தரதரவென்று தெரு நெடுக இழுத்துப்போனார்கள். பெண்கள் மரச்செருப்பால் அடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். அதிகாரிகள் கூடத்தின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்கள். குழாயடியில் கோந்தாவின் தலையை ஆரஞ்சுத் தண்ணீரில் முக்கினார்கள். தூக்கினார்கள். மறுபடி முக்கினார்கள்.

"குடிடா! அன்னிக்குக் குடிக்கலையே, இன்னிக்குக் குடி!"

கினுயோ சரிவில் நின்று பார்த்தாள். முதலில் அவள் நகரவில்லை. அதை அவள் பின்னாளில் யாரிடமும் மறைத்ததுமில்லை. கோந்தாவின் கால்கள் உதைப்பது நிற்கத் தொடங்கியபோதுதான் இறங்கிப் போய், முடியைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒருவன் அவளையே அடித்தான். வாங்கிக்கொண்டாள்.

"விடுங்க! செத்துட்டா யாரு பதில் சொல்றது? இந்தத் தண்ணி யாரையும் உடனே கொல்லாது. அதுதானய்யா விஷயமே!"

ஹந்தா, தாடையில் கம்பி கட்டியபடி, இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தார். மண்ணில் கிடந்து ஆரஞ்சு நிறமாக வாந்தியெடுத்த மனிதரைச் சற்று நேரம் பார்த்தார். தன் மேல்சட்டையைக் கழற்றி, அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள எறிந்தார். கூட்டம் கலைந்தது.

பள்ளத்தைத் தோண்டியபோது ஆயிரத்து எண்ணூறு பீப்பாய்கள் வந்தன. நிறுவனத்தை மூடினார்கள். கோந்தாவுக்கு நாலரை வருஷம் சிறை; அதுவும் ஹந்தாவின் தாடைக்கும் கினுயோவின் விரலுக்கும்தான். தண்ணீருக்கு அபராதத்தோடு சரி. கோந்தாவை அடித்ததற்கு ஊர்க்காரர்கள் ஆறு பேர்மேல் வழக்கு. ஜிம்பெய் இரண்டு அறுவைக்குப் பிறகு பிழைத்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்துக்கு வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். கினுயோவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன. வலையை வேறு விதமாகப் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மறு வருஷம் சோதனைக்கு வந்தபோது, ஜிம்பெய் முன்னறிவிப்பில்லாமல் ஆராய்ச்சி நிலையத்து வாசலில் வந்து நின்றான்.

"அந்த மீனைப் பாக்கணும்."

அவள் அவனுக்கு மேலங்கி மாட்டிவிட்டு, காலணியை மருந்தில் நனைக்கவைத்து, உள்ளே அழைத்துப் போனாள். அவன் ஒரு தொட்டியின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இத்தினிக்கூண்டா?"

"ஆமா."

"நான் என்னமோ கெண்டை அளவுக்காவது இருக்கும்னு நெனச்சேன். இதுக்கா என் எலும்பை ஒடச்சே?"

"நீ வழியை விட்டிருந்தா ஒடச்சிருக்க மாட்டேன்."

"நீ ஒடைக்காம இருந்திருந்தா நான் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன்" என்றான் அவன். சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை, மீனையே பார்த்தான். "இதுல எது கெட்டது, எது நல்லது?"

"பாத்தாத் தெரியாது."

தீனி நேரம் ஆகிவிட்டிருந்தது. அவள் அவனுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வரிசைத் தொட்டிகளுக்கு நகர்ந்தாள். அவன் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தான். முந்நூறு தொட்டிக்கும் தீனி போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். முடியும்வரை அவன் எழுந்து போகவில்லை.